கிட்னிக்கு மாத்திரை வந்துவிட்டது, கண்ணுக்கு ஊசி வந்துவிட்டது, கால் எரிச்சலுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி இது: "அப்பாவுக்கு 61 வயது, 17 வருடமாகச் சுகர். யூரினில் புரோட்டீன் போகிறது என்று டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். கண்ணில் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். ராத்திரி தூங்கவிடாத கால் எரிச்சலுக்கு மட்டும் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. சுகரைக் குறைப்பதைத் தவிர, இந்தப் பாதிப்புகளுக்கென்றே மருந்து கண்டுபிடிக்கிறார்களா? ஏன் இவ்வளவு தாமதம்?"

கண்டுபிடிக்கிறார்கள். சொல்லப்போனால் கடந்த பத்து வருடத்தில் வந்த அளவுக்கு அதற்கு முந்தைய ஐம்பது வருடத்தில் வரவில்லை. ஆனால் எல்லா உறுப்புக்கும் ஒரே மாதிரி வரவில்லை, அதைத்தான் உங்கள் அப்பா அனுபவித்துக்கொண்டிருக்கிறார். மூன்று இடத்தையும் கெடுத்தது ஒரே சர்க்கரைதான், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நான் டாக்டர் இல்லை, சர்க்கரை நோய் மருந்துகளின் கிளினிக்கல் டிரயல்களில், அதாவது மருந்தை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுகளில், ஒருங்கிணைப்பாளராக 14 வருடம் வேலை பார்த்தவள். நோயாளிகளை வரச்சொல்லி, 24 மணி நேர யூரின் கேனை வாங்கி வைத்து, காலில் நைலான் இழையை அழுத்தி, படிவத்தை நிரப்பி அனுப்புகிற வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: எந்த உறுப்பின் கெடுதலை அளக்க வழி கிடைத்ததோ அந்த உறுப்புக்கு மருந்து வந்தது.

காலக்கணக்கைப் பாருங்கள். சுகர் வந்த நாளிலிருந்து கிட்னி கைவிடும் நாள் வரை பதினைந்து, இருபது வருடம் ஓடும். ஒரு மருந்தின் காப்புரிமையே இருபது வருடம்தான், அவ்வளவு நாள் யாரும் டிரயல் நடத்த முடியாது, மூன்று நான்கு வருடத்தில் விடை தெரிந்தாக வேண்டும். அப்படியென்றால் ஏற்கெனவே நோய் முற்றி, சீக்கிரமே டயாலிசிஸ் பக்கம் போகக்கூடியவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், டயாலிசிஸ் வரை காத்திருக்காமல், ஆள் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லும் ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். முற்றியவர்களுக்கு மருந்து கொடுத்தால் காப்பாற்ற மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். முன்கூட்டிய அளவை நம்பினால், அந்த அளவு ஏமாற்றும்போது மொத்த டிரயலும் ஏமாந்து போகும். இரண்டும் நடந்திருக்கிறது.

சுகரைக் குறைத்தால் பாதிப்பு குறையுமா என்பதே 1993 வரை விவாதத்தில் இருந்த விஷயம், இன்று நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 சர்க்கரை நோயுள்ள 1,441 பேரை வைத்து நடத்திய டிசிசிடி ஆய்வுதான் அதை முடித்து வைத்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் விழித்திரை பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆய்வு முடிந்ததும் இரண்டு குழுவின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஆரம்பத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு அதன் பலன் பல வருடம் தொடர்ந்தது. மற்றவர்களுக்குப் பழைய சர்க்கரையின் கெடுதலும் அப்படியே தொடர்ந்தது. உடம்பு பழைய கணக்கை மறக்கவில்லை. உங்கள் அப்பா மாதிரி 17 வருடம் ஓட்டியவர்களுக்கு இன்றைக்குச் சர்க்கரையைச் சரிசெய்தால் மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து உண்டு. 2008-ல் அக்கார்டு என்ற பெரிய ஆய்வில் டைப் 2 நோயாளிகளின் மூன்று மாத சர்க்கரை சராசரியை (ஹெச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்றபோது, அந்தக் குழுவில் இறப்பு கூடியது, அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே சுகரைக் குறைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் உறுப்பைக் காக்க வேறு வழி தேடியே ஆக வேண்டும்.

தேடினார்கள். சர்க்கரை செல்லுக்குள் போய் என்னென்ன செய்கிறது என்று வேதியியல் பாதைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் அடைக்க மருந்து செய்தார்கள். சர்க்கரை செல்லுக்குள் சார்பிட்டால் என்ற பொருளாக மாறுகிறதா, அதைச் செய்யும் நொதியை அடை. அப்படி வந்த டோல்ரெஸ்டாட் கல்லீரலைக் கெடுத்து 1996-ல் சந்தையை விட்டே போனது. சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெட்டியாக்குகிறதா, அதைத் தடுக்க அமினோகுவானிடின், அதுவும் கரை சேரவில்லை. பிறகு ரூபாக்ஸிஸ்டாரின், கண்ணுக்காக ஒப்புதல் வாசல் வரை வந்தது. இன்னொரு மூன்று வருட டிரயல் வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏ 2006-ல் கேட்டதும் கம்பெனி கைவிட்டது. எலியில் அழகாக வேலை செய்த மருந்துகள் இவை. எலிக்குச் சுகர் வரவைத்து சில மாதத்தில் மருந்து கொடுக்கிறோம், மனிதனுக்குப் பதினைந்து வருடப் பாதிப்புக்குப் பிறகு கொடுக்கிறோம், இரண்டும் ஒன்றாக முடியுமா? இந்தத் தோல்விகளைக் கேலி செய்யக் கூடாது என்பது என் எண்ணம், அதில் கலந்துகொண்ட ஒவ்வொருவரும் தங்கள் உடம்பைக் கொடுத்து ஒரு பாதை மூடியிருக்கிறது என்று நமக்குக் காட்டியவர்கள்.

இனி கிட்னி. இங்கே அதிர்ஷ்டம் என்னவென்றால், நோய் சத்தமில்லாமல் இருக்கும் காலத்திலேயே யூரினில் ஒரு துப்பு கிடைக்கிறது. 1963-ல் லண்டனில் ஹாரி கீன் என்ற மருத்துவர் அல்புமின் என்ற ரத்தப் புரோட்டீன் மிகக் குறைவாகப் போனாலும் அதை யூரினில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கொஞ்சம் அல்புமின் போகிறவர்களுக்குத்தான் பின்னால் கிட்னி கெடுகிறது என்று எண்பதுகளில் டென்மார்க்கின் மோகன்சென் போன்றவர்கள் காட்டினார்கள். இன்று லேபில் 'மைக்ரோஅல்புமின்' என்று சொல்கிறோமே அதுதான். க்ரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு, யூரினில் அது ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி, 300-ஐத் தாண்டினால் நிலைமை தீவிரம். இந்த ஓர் எண்தான் டிரயலில் யாரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்வதைச் சாத்தியமாக்கியது.

கிட்னியின் வடிகட்டியை ஏரி மதகு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் மதகு ஒன்று, வெளியேறும் மதகு ஒன்று. சுகர் உள்ளவர்களுக்கு உள்மதகு அகலத் திறந்தும் வெளிமதகு இறுகியும் இருப்பதால் நடுவில் அழுத்தம் ஏறி வடிகட்டி கிழிகிறது. அமெரிக்காவில் பாரி பிரென்னர் இந்த அழுத்தம்தான் எதிரி என்று எலிகளில் காட்டினார். வெளிமதகைத் தளர்த்தும் பி.பி. மாத்திரை கேப்டோப்ரில் 1993-ல் டைப் 1 நோயாளிகளில் கிட்னி கெடுவதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. 2001-ல் லோசார்டன், இர்பெசார்டன் இரண்டும் டைப் 2-வில் உதவுகின்றன என்று தெரிந்தது. உங்கள் அப்பா சாப்பிடும் பி.பி. மாத்திரையின் பெயர் 'சார்டன்' என்று முடிகிறதா பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 18 வருட வறட்சி. அந்தக் காலத்தில் விழுந்த மருந்துகளில் பார்டாக்ஸலோன் என்ற ஒன்றை நான் மறக்க மாட்டேன். அதைச் சாப்பிட்டவர்களுக்கு இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணக்கு, மேலே ஏறியது. இறங்கிக்கொண்டே போகும் எண் ஏறுகிறது என்றால் எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! 2,185 பேரோடு பெரிய டிரயல் தொடங்கினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இதயச் செயலிழப்பு கூடியதால் 2012 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். எண் ஏறியது உண்மை, அது மட்டும் ஆளைக் காப்பாற்றவில்லை.

திருப்பம் வந்தது யாரும் கிட்னிக்காகத் தேடாத இடத்திலிருந்து. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-ல் ஃப்ளோரிஸின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் யூரினில் சர்க்கரை போகிறது என்று 1880-களில் ஜெர்மனியின் ஃபான் மெரிங் கண்டார். அப்புறம் நூறு வருடம் அது ஆய்வகப் பொருளாகவே கிடந்தது. அந்த வழியில் வந்த நவீன மாத்திரைகள்தான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின். சுகரைக் குறைக்கத்தான் வந்தன, அதிலும் நடுத்தரம்தான். இதற்கிடையில் ரோசிகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று 2007-ல் பெரிய பயம் எழுந்ததால், இனி எந்த சுகர் மருந்தும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என எஃப்டிஏ 2008-ல் விதி போட்டது. கெடுதல் இல்லை என்று காட்டுவதற்காகக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பல வருட டிரயல் நடத்த வேண்டியதாயிற்று. 2015-ல் 7,020 பேர் கொண்ட எம்பாகிளிஃப்ளோசின் டிரயலின் முடிவு வந்தபோது இதய நோயால் இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது, கிட்னியும் மெதுவாகத்தான் கெட்டது. எதிர்பார்த்துப் போனது வேறு, கிடைத்தது வேறு. பிறகு கிட்னிக்கென்றே நடத்தினார்கள். 4,401 பேரை வைத்து நடந்த கானாகிளிஃப்ளோசின் டிரயலை, பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே முடித்தார்கள், 2019-ல் வெளியான அதன் முடிவில் அபாயம் 30 சதவீதம் குறைவு. 2020-ல் டாபாகிளிஃப்ளோசின், 39 சதவீதம், அதுவும் சுகர் இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் சேர்த்து.

எப்படி என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் அப்பாவின் மாத்திரை பெரும்பாலும் இதுதான், இது புரிந்தால் பாதியில் நிறுத்த மாட்டீர்கள். கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதோடு சுமார் 180 கிராம் சர்க்கரையும் வடிந்து, திரும்ப உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சலில் 90 சதவீதத்தைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். அது சர்க்கரையைத் தனியாக இழுப்பதில்லை, கூடவே உப்பையும் இழுக்கும். குழாயின் கீழ்ப்பக்கம் எவ்வளவு உப்பு வந்து சேர்கிறது என்று பார்க்கும் காவல் செல்கள் இருக்கின்றன. சுகர் உள்ளவருக்கு உப்பு மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் கீழே வருவது குறைகிறது, காவல் செல்கள் 'வடிகட்டல் போதவில்லை போலிருக்கிறது' என்று தப்பாக எடுத்துக்கொண்டு உள்மதகை அகலத் திறந்துவிடுகின்றன. மாத்திரை எஸ்ஜிஎல்டி2-வை அடைத்ததும் உப்பு கீழே வருகிறது, உள்மதகு சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. சார்டன் வெளிமதகைத் தளர்த்தும், இது உள்மதகைச் சுருக்கும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அழுத்தம் இறங்கினால் முதல் சில வாரம் வடிகட்டலும் கொஞ்சம் இறங்கும். ரிப்போர்ட்டில் க்ரியாட்டினின் ஏறும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், லாரி புக்கிங் வைத்திருந்தவர், மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் க்ரியாட்டினின் 1.4-லிருந்து 1.6 ஆனதும் பயந்துபோய் வேறொரு இடத்தில் காட்ட, "கிட்னி மாத்திரையே கிட்னியைக் கெடுக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்தினார், எண் 1.4-க்குத் திரும்பியது, எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தபோது எண் 2.9. அந்த இரண்டு வருடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்த மருந்தாலும் முடியாது, எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. பார்டாக்ஸலோனில் ஏறிய எண் நல்லதைச் சொல்லவில்லை, இங்கே முதலில் இறங்கும் எண் கெட்டதைச் சொல்லவில்லை. இஜிஎஃப்ஆர் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டாக்டர் கட்டாயம் காரணம் தேடுவார், அதற்குள் இருந்தால் பொதுவாக மாத்திரையைத் தொடரவே செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆனால் சில நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வாந்தி பேதியால் சாப்பிட முடியாத நாட்களிலும், ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பிருந்தும் டாக்டரைக் கேட்டு இதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடக்கூடும். யூரினில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். அப்பாக்கள் இதை வீட்டில் சொல்ல மாட்டார்கள், கூச்சப்பட்டுக்கொண்டு மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள், சுத்தமும் ஒரு களிம்பும் போதும் பெரும்பாலும். விலையும் இப்போது ஒரு சாக்கு இல்லை: இந்தியாவில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரை பத்து ரூபாய்க்கும் கீழே பல கம்பெனிகளில் கிடைக்கத் தொடங்கியது.

இதோடு நிற்கவில்லை. ஃபினெரினோன் என்ற மாத்திரை 2021-ல் ஒப்புதல் பெற்றது, கிட்னியில் அழற்சியையும் தழும்பு விழுவதையும் குறைப்பது அதன் வேலை. பொட்டாசியம் ஏறும் என்பதால் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது, அதைச் சாப்பிடும்போது தினம் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 2024-ல் சுகருக்காக வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசி, 3,533 பேரை வைத்து நடந்த டிரயலில், பெரிய கிட்னி பாதிப்பும் கிட்னி, இதய நோயால் இறப்பும் சேர்ந்த அபாயத்தை 24 சதவீதம் குறைத்தது. 2025-ல் ஃபினெரினோனையும் எம்பாகிளிஃப்ளோசினையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தபோது யூரின் அல்புமின் ஆறு மாதத்தில் பாதிக்கும் மேல் குறைந்தது. ஒன்று தோற்ற பிறகு அடுத்தது என்று ஏணி ஏறுவதை விட்டு, முதலிலேயே சேர்த்துக் கொடுப்பது என்ற பக்கம் சிகிச்சை நகர்கிறது. என் கணிப்பில் அடுத்த ஐந்து வருடத்தின் பெரிய மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

கண்ணில் பாதிப்பை அளப்பதற்குப் பிரச்சினையே கிடையாது. உடம்பைக் கிழிக்காமலே ரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1976-லேயே லேசர் பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. லேசர் நல்ல சிகிச்சைதான், ஆனால் விளிம்பு விழித்திரையைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றுகிற பேரம் அது. ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை ஏதோ ஒன்றைச் சுரந்து கெட்ட குழாய்களை வளரவைக்கிறது என்று 1948-லேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் சொன்னார். அந்த 'ஏதோ ஒன்று' விஇஜிஎஃப் என்ற புரதம் என்று தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1994-ல் சுகர் நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் அதை அளந்து காட்டினார்கள். அப்புறம் வேகம்தான், விஇஜிஎஃப்-ஐ அடக்கும் கண் ஊசிகள் வரிசையாக வந்தன. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், 2022-ல் ஃபாரிசிமாப். ஓசிடி என்ற ஸ்கேனில் விழித்திரையின் வீக்கத்தை மைக்ரான் கணக்கில் பார்க்கலாம், ஊசி போட்ட ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது கண்ணுக்கு முன்னால் தெரியும். டிரயல் நடத்துகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் மருந்தைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணில் போடுவதும் பரவலாக இருக்கிறது, விலை பல மடங்கு குறைவு. பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல வேலை செய்தன, பார்வை அதிகம் குறைந்திருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் கூடுதலாக உதவியது என்று 2015-ல் ஒரு நேரடி ஒப்பீடு காட்டியது. பிரித்துப் போடும் மருந்தில் சுத்தம்தான் உயிர், கிருமி சேர்ந்தால் கண்ணே போகும். ஆகவே எந்த மருந்து என்பதோடு, சின்ன ஊசியாகப் பிரிப்பது எங்கே, எப்படி என்றும் தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று: ட்ரைகிளிசரைடு குறைக்கக் கொடுக்கும் பழைய, மலிவான ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை ஆரம்ப நிலை விழித்திரை பாதிப்பை மெதுவாக்குகிறது. ஸ்காட்லாந்தில் 1,151 பேரை வைத்து நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், பாதிப்பு முற்றுவது 27 சதவீதம் குறைந்தது. காப்புரிமை முடிந்த மருந்து என்பதால் இதற்காகப் பெரிதாகக் குரல் கொடுக்க யாரும் இல்லை, அதனால்தான் நான் சொல்கிறேன். கிட்னி பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் ஆகாது, உங்கள் அப்பா விஷயத்தில் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். செமாகுளூடைடு தொடங்கும் யோசனை இருந்தால் அதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை கொஞ்ச காலம் மோசமாவது உண்டு.

இப்போது கால். ஒரு நாள் காலை ஒரு பெரியவர் வந்தார், பழைய மில் தொழிலாளி. கண்ணை மூடிப் படுக்கவைத்து, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் நுனியில், விரலடி மேட்டில், குதிகாலுக்கு முன்னால் என்று ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்துவேன், தொடும்போது 'ம்' சொல்ல வேண்டும். இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது, அவரிடமிருந்து சத்தம் இல்லை. பத்து இடமும் முடிந்து நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" அதே மனிதர்தான் ராத்திரி முழுக்கக் கால் எரிகிறது என்று அழுதவர். எரிச்சலும் மரத்துப்போவதும் ஒரே காலில் சேர்ந்து இருக்கும், அதுதான் இந்த நோயின் கொடுமை. இப்போது சொல்லுங்கள், இதை எந்த எண்ணால் அளப்பது? நைலான் இழை உணர்ச்சி போனதைச் சொல்லும், எரிச்சலைச் சொல்லாது. எரிச்சலுக்கு நம்மிடம் இருப்பது 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி' என்ற கேள்வி மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாவு மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலரும் ஏழிலிருந்து நாலுக்கு இறங்கிவிடுவார்கள், யாரோ அக்கறையாக வாராவாரம் விசாரிப்பதாலேயே கொஞ்சம் வலி குறைகிறது. அதில் மருந்தின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது மிகக் கஷ்டம்.

அதனால் இன்று இருப்பதெல்லாம் வலியை அமர்த்தும் மருந்துகள்தான். துலாக்ஸெடின், ப்ரீகாபாலின் இரண்டுக்கும் 2004-ல் ஒப்புதல் வந்தது, அமிட்ரிப்டிலின் அதற்கும் ரொம்பப் பழசு. மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2022-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் ஒன்றுக்கு ஒன்று சளைக்கவில்லை, ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்தால் சிலருக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆகவே ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை, டாக்டரிடம் மாற்றிக் கேட்கலாம், சேர்த்துக் கேட்கலாம். வலியைச் சுமக்கும் நரம்பின் சோடியம் வாசல் ஒன்றை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற புது மருந்து 2025 ஜனவரியில் ஆபரேஷன் வலி போன்ற உடனடி வலிக்கு ஒப்புதல் பெற்றது, சுகர் நரம்பு வலியிலும் அதைச் சோதிக்கிறார்கள். ஆனால் கெட்ட நரம்பைத் திருப்பி வளர்க்கும் மருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டதாக ஒன்றும் இல்லை. டோல்ரெஸ்டாட் வகையைச் சேர்ந்த, ஜப்பானில் 1992 முதல் கொடுக்கும் எபால்ரெஸ்டாட் இந்தியாவிலும் கிடைக்கிறது, அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் இல்லை. எனக்கு நம்பிக்கை தருவது ரயாஸ் மாலிக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் மான்செஸ்டரில் வளர்த்தெடுத்த ஒரு முறை: கருவிழியின் மெல்லிய நரம்பிழைகளை நுண்ணோக்கியால் படம் எடுத்து எண்ணுகிறார்கள், தோலை வெட்டாமல், சில நிமிடத்தில். யூரின் அல்புமின் கிட்னிக்குச் செய்ததை இந்த எண்ணிக்கை நரம்புக்குச் செய்தால், நரம்பை வளர்க்கும் மருந்துகளுக்கும் ஒரு நியாயமான டிரயல் கிடைக்கும்.

மரத்த காலில் வரும் புண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இங்கே நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. வேலூர் சிஎம்சிக்கு 1946-ல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பதால்தான் என்று கண்டார். காலின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மாவுக்கட்டு முறையை 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியிருந்தார். பிராண்ட் அறுபதுகளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அந்தக் கட்டு சுகர் புண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது. 1989-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் மாவுக்கட்டு போட்ட 21 புண்ணில் 19 ஆறியது, வெறும் டிரெஸ்ஸிங்கில் 19-க்கு 6 மட்டும். அப்புறம் வளர்ச்சிக் காரணிகள், அதாவது புண்ணில் புதுத் திசு வளரத் தூண்டும் புரதங்கள், மருந்தாக வந்தன. 1997-ல் அமெரிக்காவில் ஒரு ஜெல், 2006-ல் கியூபாவில் புண்ணுக்குள்ளேயே போடும் ஹெபர்ப்ராட் ஊசி. அவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் புண்ணின் மேல் தினம் நடந்துகொண்டே எந்த விலையுயர்ந்த மருந்தைப் போட்டாலும் ஆறாது.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். 17 வருடத்தில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை பெரும்பாலும் ஓடியிருக்கும், அது நாளாக ஆக வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம், பி12 குறைந்தாலும் கால் இப்படியேதான் எரியும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, இதுவரை எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள், ஏனென்றால் இந்தக் காரணத்துக்கு நேரடியாக மருந்து இருக்கிறது. யூரின் அல்புமின் விகிதத்தையும் இஜிஎஃப்ஆரையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அந்த இரண்டு வரிசையும் சேர்ந்துதான் சொல்லும், ஒரு ரிப்போர்ட் சொல்லாது. கண் ஊசியை ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள், முதல் வருடத்தில் பல ஊசி தேவைப்படும் என்று இப்போதே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அப்புறம், எரிச்சல் தாங்காமல் ராத்திரி பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக் கால் வைக்கிறாரா என்று கேளுங்கள். நிறையப் பேர் வைக்கிறார்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, காலையில் எழுந்து பார்க்கும்போது கொப்புளம் நிற்கும். அந்த பக்கெட்டை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.